ஆறு வயது மகளுக்கு வீட்டில் என்ன கணக்கு?

கேள்வி: திருவட்டாறு பக்கம் குடியிருக்கிறோம். மகளுக்கு ஆறரை வயது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், மகள், இரண்டு வயது மகன் ஆகிய நால்வர்தான். மகளுக்கு எண்கள் என்றால் விருப்பம் உண்டு. ஆனால் எட்டையும் ஐந்தையும் கூட்டச் சொன்னால் இன்னமும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மார்த்தாண்டத்தில் ஓர் அபாகஸ் வகுப்புக்குப் போகிறார்கள். இந்த மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணத்தில் சலுகை தருவதாகச் சொல்கிறார்கள். என் தம்பி செல்போனில் கணக்குச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறான். கடையில் கணக்கு விளையாட்டுப் பெட்டிகளும் விற்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? எனக்குப் பள்ளி நாளிலிருந்தே கணக்கு என்றால் பயம். நான் சொல்லிக் கொடுக்கப் போய் அவளுக்கும் அந்தப் பயம் வந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி, மகளுக்கு எண்களில் விருப்பம் உண்டு என்பதுதான். ஆறரை வயதில் ஒரு பிள்ளையிடம் இருக்க வேண்டிய முதல் சொத்து அதுவே என்பதால், வீட்டில் எதைத் தொடங்கினாலும் அந்த விருப்பம் குறையாமல் இருக்கிறதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்குக் கற்பித்தலில் பயிற்சி அளிக்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு அபாகஸ் வகுப்பு வேண்டாம். விளையாட்டுப் பெட்டி வாங்கவும் தேவையில்லை. செயலியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உங்கள் மாமியாரும், உங்கள் அடுக்களையும், இரவில் அழைக்கும் கணவருமே இப்போதைக்குப் போதுமானவர்கள்.

ஒரு விளையாட்டு பிள்ளையின் கணக்கறிவை வளர்க்குமா என்று அறிய நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். அதில் பிள்ளை தானாக ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறதா என்பது ஒன்று. எடுத்த முடிவுக்கு அவள் தன் சொந்த வார்த்தையில் காரணம் சொல்ல இடம் இருக்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு வண்ணமும் ஓசையும் பரிசும் இருந்தாலும், அங்கே நடப்பது விடையை வேகமாகச் சொல்லும் பழக்கம் மட்டுமே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் கணக்கை வளப்படுத்துவது என்றால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதே முடித்துவிடுவது என்று பல பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். இருபதுக்குள் உள்ள எண்களைப் பல விதங்களில் கூட்டிப் பிரித்து, அடுக்கி, ஒப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு நூறும் ஆயிரமும் வரும்போது பயம் இருக்காது. அந்தப் பழக்கம் இல்லாமல் அடுத்த வகுப்புக்குத் தாவுகிற பிள்ளை விதிகளை மனப்பாடம் செய்துதான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

அபாகஸ் வகுப்பைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அது பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். குஜராத்தின் வதோதராவில் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மணிச்சட்டத்தை மனத்திலேயே கண்டு கணக்கிடும் மனக்கண் அபாகஸும் மற்றொரு குழுவுக்கு வழக்கமான கணக்கில் கூடுதல் பயிற்சியும் அளித்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளியானது. அபாகஸ் கற்ற பிள்ளைகள் கூட்டல், கழித்தல், பெருக்கல் போன்றவற்றில் ஓரளவு முன்னேறியிருந்தார்கள். ஆனால் நினைவாற்றல், கவனம், பொது அறிவுத்திறன் ஆகியவை அதனால் வளர்ந்ததாகத் தெரியவில்லை. மேலும், உருவங்களை மனத்தில் இருத்தி வைக்கும் திறன் தொடக்கத்திலேயே நன்றாக இருந்த பிள்ளைகளுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்தது. ஆகவே "மூளை வளரும், கவனம் பெருகும்" என்று விளம்பரத் தட்டியில் எழுதியிருந்தால் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அது கணக்கிடும் வேகத்துக்கான ஒரு பயிற்சி. எட்டில் இருந்து பத்துக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்பதே மனத்தில் படியாத வயதில் வேகத்துக்கு என்ன அவசரம்?

விரல் விட்டு எண்ணுவதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். "பெரிய பிள்ளையாகிவிட்டாய், இன்னுமா விரல்?" என்று கேட்டால், அவள் விரலை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு எண்ணுவாளே தவிர, எண்ணுவதை நிறுத்தமாட்டாள். நீங்கள் பார்க்க வேண்டியது அவள் எப்படி எண்ணுகிறாள் என்பதை. எட்டையும் ஐந்தையும் கூட்டும்போது ஒன்றிலிருந்து தொடங்கிப் பதின்மூன்று வரை எண்ணினால் அது முதல் நிலை. எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு "ஒன்பது, பத்து, பதினொன்று" என்று மேலே எண்ணினால் அது அடுத்த நிலை. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்த்தால் அது இன்னும் முதிர்ந்த நிலை. இந்த மூன்றாவது நிலைக்குக் கொண்டுவர ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறம் போதும். அதில் வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசையில் பத்துக் கட்டங்களை வரைந்து, புளியங்கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். எட்டுக் கட்டங்கள் நிறைந்து இரண்டு காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு விரலின் தேவை தானாகவே குறையும்.

இனி உங்கள் மாமியாரிடம் வருகிறேன். வீட்டின் பரணிலோ அண்டை வீட்டிலோ ஒரு பல்லாங்குழிப் பலகை இருந்தால் இறக்கித் துடையுங்கள். இல்லாவிட்டால் தரையில் சாக்குக்கட்டியால் பக்கத்துக்கு ஏழு வட்டமாகப் பதினான்கு வட்டங்கள் போட்டாலும் ஆடலாம். குழிக்கு ஐந்து முத்து என்று தொடங்கினால் மொத்தம் எழுபது முத்துகள். பலரும் இதை ஆட விட்டுவிட்டு, எண்ணிக்கை பழகுகிறது என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இதன் வளம் அதற்கும் மேலே இருக்கிறது. மகள் ஒரு குழியில் உள்ள ஐந்து முத்துகளையும் கையில் அள்ளியவுடன், அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கும் முன் பாட்டி கேட்கட்டும்: "கடைசி முத்து எந்தக் குழியில விழும் மக்ளே?" முதல் சில நாள் அவள் ஊகமாகத்தான் சொல்வாள். பிறகு கண்ணாலேயே குழிகளைத் தொட்டு எண்ணுவாள். சில வாரத்தில், மூன்றாவது குழியிலிருந்து எடுத்த ஐந்து முத்தும் எட்டாவது குழியில் முடியும் என்று எண்ணாமலே சொல்வாள். அது நடக்கும் நாளில் அவள் மூன்றையும் ஐந்தையும் கூட்டியிருக்கிறாள். யாரும் கூட்டச் சொல்லவில்லை.

அடுத்த படி இதைவிடச் சுவையானது. மூன்று முத்து கிடக்கிற குழியில் இன்னொன்று விழுந்து நான்கானால் அது பசு. அந்தக் குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம். தன் பக்கத்தில் மூன்று முத்தோடு ஒரு குழி இருப்பதைப் பார்த்த மகளிடம், "அங்கே பசு விழ வேண்டுமானால் நீ எந்தக் குழியிலிருந்து எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இப்போது அவள் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கிச் சிந்திக்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் எத்தனை முத்து, அது எதுவரை எட்டும் என்று சோதித்து, எட்டாதவற்றை ஒதுக்கி, எட்டுகிற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய வகுப்புகளில் இயற்கணிதத்தில் தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கச் செய்வதும் இதே வகைச் சிந்தனைதான். அவள் தவறான குழியிலிருந்து எடுத்தால் பாட்டி திருத்த வேண்டாம். முத்து தீர்ந்துபோய் முன்னாலேயே நிற்கும்போது அவளுக்கே தெரியும். சரியாக எடுத்தாலும் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். விடை தவறும்போது மட்டும் காரணம் கேட்டால், காரணம் கேட்பதே குற்றம் காண்பது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். முத்துகளுக்குக் குன்றிமணியைப் பயன்படுத்தவே கூடாது. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் உள்ளது. மஞ்சாடி, புளியங்கொட்டை போன்றவை பரவாயில்லை. ஆனால் வீட்டில் இரண்டு வயது மகன் இருப்பதால், எந்தக் கொட்டையானாலும் அவன் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளக்கூடும். அவன் தூங்கும் நேரத்தில் ஆடி, முடிந்ததும் எழுபதும் இருக்கின்றனவா என்று மகளையே எண்ணிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணும் பழக்கம் இதிலேயே வந்துவிடும்.

அடுக்களையில் எனக்கு மிகவும் பிடித்தது புட்டுக்குழல். அடியில் தேங்காய்த்துருவல், அதன்மேல் மாவு, மறுபடி தேங்காய், மறுபடி மாவு என்று போட்டு மேலேயும் தேங்காயில் முடிக்கிறோம். மாவு மூன்று அடுக்கு என்றால் தேங்காய் எத்தனை அடுக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மூன்று என்றுதான் சொல்வார்கள். புட்டைத் தட்டில் தள்ளிவிட்டு எண்ணும்போது நான்கு இருக்கும். நாளைக்கு மாவு இரண்டு அடுக்குப் போடுகிறேன், தேங்காய் எத்தனை வரும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மாவைவிடத் தேங்காய் எப்போதும் ஒன்று அதிகம் என்பதை அவள் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை நீங்கள் அந்த விதியைச் சொல்லிவிடாதீர்கள். அவள் கண்டுபிடித்த பிறகு, ஒரு விடுமுறை நாளில் உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தப் பாலத்தைத் தாங்கி நிற்கும் தூண்கள் 28. கீழே நின்று, ஐந்து தூண்களுக்கு நடுவில் எத்தனை இடைவெளி என்று அவளையே எண்ணச் சொன்னால், தேங்காய் அடுக்கின் இடத்தில் தூணும் மாவின் இடத்தில் இடைவெளியும் இருப்பதை அவள் உணரக்கூடும். உணராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, அடுத்த ஆண்டு உணர்வாள்.

வாசலில் மீன் விற்க வருகிறவர் சாளையைக் கூறு கூறாகப் போடும்போது மகளை அருகில் நிற்க வையுங்கள். ஒரு கூறில் எத்தனை இருக்கும் என்று எண்ணுவதற்கு முன் மதிப்பிடச் சொல்லி, வீட்டுக்குள் கொண்டுவந்து எண்ணிப் பார்க்கலாம். நால்வருக்குச் சமமாகப் பிரித்தால் மீதி எத்தனை, அந்த மீதியை யாருக்குக் கொடுப்பது என்ற விவாதமும் கணக்கே. ஆரல்வாய்மொழி வழியாகப் பேருந்தில் போகும்போது முப்பந்தல் காற்றாலைகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கை. இரண்டு காற்றாலைக்கு ஆறு, மூன்றுக்கு ஒன்பது என்று சன்னல் ஓரத்தில் மூன்றாம் வாய்ப்பாடு தொடங்கிவிடும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று உண்டென்றால் அது ஒரு பகடை மட்டும்தான். அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பங்களின் மழலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை ஒரே நேர்வரிசையில் எழுதிய அட்டையில், ஒரு தடவைக்குக் கால் மணி நேரமாக நான்கே தடவை காய் நகர்த்தி ஆடிய பிள்ளைகளுக்கு எண்களின் அளவைப் பற்றிய உணர்வு தெளிவாக வளர்ந்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணம் பூசிய அட்டையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. உங்கள் மகள் பத்தைத் தாண்டிவிட்டாள் என்பதால் நூறு வரை உள்ள அட்டை அவளுக்குப் பொருந்தும். கடையில் கிடைக்கும் பரமபத அட்டைகளில் வரிசைகள் பெரும்பாலும் வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்புவதால் சிறு பிள்ளைகள் குழம்புகிறார்கள். நீங்களே ஒரு தாளில், எல்லா வரிசையும் இடமிருந்து வலமாகப் போகும்படியும், பதினொன்று ஒன்றுக்கு நேர்மேலேயும் இருபத்தொன்று அதற்கு நேர்மேலேயும் வரும்படியும் எழுதிக்கொள்ளுங்கள். காய் இருபத்தேழில் நின்று பகடையில் நான்கு விழுந்தால், "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணாமல் "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று" என்று சொல்லி நகர்த்த வேண்டும் என்பதே ஒரே விதி. இந்தச் சிறு மாற்றத்தில்தான் பலன் பெரிதும் அடங்கியிருக்கிறது என்று பிந்தைய ஆய்வும் காட்டியது. பாம்பும் ஏணியும் எங்கே போட வேண்டும் என்பதை மகளே தீர்மானிக்கட்டும்.

இவ்வளவு விளையாடினாலும், பள்ளிக் கணக்குக்கு இது தானாகவே உதவிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடை பார்க்கும் பிள்ளைகளின் கணக்கறிவைச் சோதித்தார்கள். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். வியாபாரத்தில் சிக்கலான தொகைகளை மனத்தாலேயே சரியாகச் சொன்ன பிள்ளைகளில் பலர், அதைவிட எளிய கணக்கைத் தாளில் பள்ளி முறையில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் தாளில் செய்ததைச் சந்தைக் கணக்கில் செய்ய முடியாமல் திணறினார்கள். இரு கரைக்கும் நடுவே யாரும் பாலம் போட்டுத் தரவில்லை என்பதுதான் அங்கே குறை. அந்தப் பாலத்தை வீட்டில் போடுவது எளிது. பல்லாங்குழி முடிந்ததும் ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் நோட்டில் படமாக வரையச் சொல்லி, பக்கத்தில் 3 + 5 = 8 என்று அவள் கையாலேயே எழுத வையுங்கள். மறுநாள் பள்ளிப் புத்தகத்தில் 6 + 4 என்று இருந்தால், அதைப் பல்லாங்குழிக் கதையாகவோ மீன் கதையாகவோ சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். நோட்டு நிறைய வேண்டியதில்லை.

உங்கள் கணவருக்கும் ஒரு பங்கு உண்டு. இரவு அழைப்பில் "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, அவர் மனத்தில் ஒன்று முதல் நூறு வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளட்டும், மகள் "ஐம்பதைவிடப் பெரியதா?", "இரட்டைப்படையா?" என்று ஆம், இல்லை என்ற விடை வரும் கேள்விகளாகக் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். முதலில் "ஏழா? பன்னிரண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் களைத்துப்போவாள். ஒவ்வொரு கேள்வியிலும் மீதியுள்ள எண்களைப் பாதியாகக் குறைத்தால் ஏழு கேள்விக்குள் எந்த எண்ணையும் பிடித்துவிடலாம் என்பது அவளுக்குப் புலப்பட மாதங்கள் ஆகலாம்; அவர் அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். அடுத்த முறை மகள் எண்ணை நினைத்துக்கொள்ள, அவர் கேள்வி கேட்கட்டும். அப்போது ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதிலைச் சொல்ல அவள்தான் யோசிக்க வேண்டும்.

செயலியைப் பற்றி. 2015இல் ஸயன்ஸ் இதழில் வெளியான ஒரு சிகாகோ ஆய்வில், பெற்றோரும் முதல் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து சிறு கணக்குக் கதையைப் படித்துப் பேசும் வகையிலான ஒரு செயலி பலன் தந்தது. கணக்கு என்றால் பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே அது மிகுதியாக உதவியது. அங்கே உதவியது திரையைவிட, பக்கத்தில் உட்கார்ந்து நடந்த பேச்சு என்றே நான் கருதுகிறேன். உங்கள் தம்பி சொல்லும் செயலியில் நேரம் ஓடும் கடிகாரமும், தவறினால் ஒலிக்கும் மணியும், பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கும் அமைப்பும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

அதே 2015இல் வந்த வேறோர் ஆய்வு உங்கள் கவலைக்கு நேராகப் பதில் சொல்கிறது. கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது பிள்ளைகள் குறைவாகவே கற்றார்கள். அடிக்கடி உதவாதபோது பெற்றோரின் பயம் பிள்ளைகளைப் பாதித்ததாகத் தெரியவில்லை. எனவே வீட்டுப்பாடத்தில் "இப்படிச் செய்" என்று காட்டிக்கொடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டாம். அது புரியாவிட்டால் ஆசிரியரிடமே கேட்கட்டும். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது விளையாட்டுத் தோழியின் இடம். "எனக்குக் கணக்கு வராது" என்ற வார்த்தையை மட்டும் அவள் காதுபடச் சொல்லாதீர்கள். தெரியாத இடம் வந்தால் "எனக்கும் தெரியல, சேர்ந்து பார்ப்போமா மக்ளே?" என்று சொல்லுங்கள். புட்டுக்குழலின் அடுக்கைப் பற்றிக் கேட்க உங்களுக்குப் பள்ளிக் கணக்கு தேவையில்லை.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் வரும்போது ஆசிரியரிடம் மதிப்பெண்ணைக் கேட்பதோடு நின்றுவிடாமல், மகள் வகுப்பில் தான் செய்ததை விளக்கிச் சொல்கிறாளா என்றும் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் 2022 முதல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செயல்பாடுகள் வழியாகத்தான் கற்பிக்கிறார்கள். எந்தச் செயல்பாட்டில் அவள் ஆர்வமாக இருக்கிறாள் என்று தெரிந்தால் வீட்டிலும் அதையே தொடரலாம். இரண்டாம் வகுப்பின் பாதியிலும் ஐந்து பெரியதா ஏழு பெரியதா என்பதில் குழப்பமோ, மூன்று பொருளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்ல வேண்டிய நிலையோ இருந்தால் மட்டும் கண், காது பரிசோதனையும் கற்றல் நிபுணரின் ஆலோசனையும் தேவைப்படும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை.

மார்த்தாண்டத்து மையத்தாரிடம் இந்த ஆண்டு இல்லை என்று சொல்லிவிடுங்கள். சலுகை போய்விடுமே என்று வருந்த வேண்டாம், அப்படிச் சலுகைகள் அடுத்த ஆண்டும் வரும். மூன்றாம் வகுப்பில் மகளே விரும்பிக் கேட்டால், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு பிள்ளை தவறாகச் சொல்லும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். எப்படி அந்த விடை வந்தது என்று கேட்கிறவராக இருந்தால் சேர்க்கலாம். அடுத்த பிள்ளையிடம் தாவிவிடுகிறவராக இருந்தால் வேண்டாம்.